கார் பெயின்ட்டுக்கு மெஷின் பாலிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிஷர் வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, பதிலோடு தருகிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் நல்ல பெயின்ட் வீணாவதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாலிஷ் போடும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

பெயின்ட் தேய்கிறது. பாலிஷ் குழம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அவை மேற்பரப்பைத் துளித்துளியாகச் சீவி எடுக்கின்றன. கீறல் என்பது ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் மேட்டைப் பள்ளத்தின் அடி வரைக்கும் இறக்குகிறோம். மட்டமான பரப்பில் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, அதையே பளபளப்பு என்கிறோம்.

எவ்வளவு இறக்க இடமிருக்கிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானத்துக்கு வரும். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என நான்கு அடுக்குகள். நான்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். நாம் தொடக்கூடிய கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைவில் வையுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய அடுக்குதான். அளவுக்கு மீறித் தேய்த்த கார் அன்றைக்குக் கண்ணாடி போல மின்னும். சில ஆண்டுகளில் பானெட்டும் கூரையும் வெளுத்து, தோல் உரிவது போல உரியும். அதற்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி கிடையாது.

ஆகவே கீழே எந்தக் கேள்விக்கும் என் பதிலில் ஒரே கணக்குத்தான் ஓடும்: இந்தக் கீறலைப் போக்க எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் போதும்?

காம்பவுண்டு, பாலிஷ், வேக்ஸ் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. காம்பவுண்டு கரடான தேய்ப்பு, பாலிஷ் நுண்ணிய தேய்ப்பு. வேக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங் ஆகியவை தேய்ப்பதில்லை. மேலே படிந்து காக்கின்றன. ஒரே புட்டியில் தேய்ப்பும் வேக்ஸும் கலந்தும் வருகிறது. தினசரி ஓடும் காருக்கு, கீறல்கள் முழுக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லை, பொலிவு வந்தால் போதும் என்பவருக்கு அது நல்ல தேர்வு. அதைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைவாகத் தேய்த்து, காப்பும் சேர்த்துக் கொடுக்கும் பொருளில் என்ன குறை?

என் காருக்கு பாலிஷ் தேவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை ஓரடி தூரத்தில் பிடித்து, வெளிச்சம் விழும் புள்ளியைச் சுற்றிப் பாருங்கள். சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தால் அவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்த சுழல் கீறல்கள். மெஷினுக்கு ஏற்ற வேலை இதுதான். தனியாக நிற்கும் ஆழமான கோட்டை விரல் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் இடறினால் அது பாலிஷில் முழுமையாகப் போகாது.

எந்த மெஷின் வாங்குவது? ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா?

முதல் மெஷின் என்றால் டூயல் ஆக்‌ஷன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ரோட்டரியில் பேடு (மெஷினின் முனையில் மாட்டும், பாலிஷைத் தேய்க்கும் மெத்தை போன்ற வட்டு) ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும். ஓரிடத்தில் சில விநாடிகள் நின்றுவிட்டால் பெயின்ட்டைச் சுட்டுவிடும். பழகாத கையில், வெயிலில் பார்த்தால் மட்டும் தெரியும் நிழல்வரிகளை விட்டுச் செல்லும். அவற்றுக்கு ஹாலோகிராம் என்று பெயர். டூயல் ஆக்‌ஷனில் பேடு சுற்றிக்கொண்டே அச்சிலிருந்து விலகி ஒரு சிறு வட்டத்தில் ஆடவும் செய்கிறது. அதனால் சூடு ஓரிடத்தில் குவிவதில்லை. மேலும், அதிகமாக அழுத்தினாலோ பேடைச் சாய்த்தாலோ சுற்றுவது நின்று, வெறுமனே அதிர ஆரம்பிக்கும். புதியவருக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

டூயல் ஆக்‌ஷனிலேயே ஆட்டத்தின் அகலம் பார்த்து வாங்க வேண்டும். 8 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ளவை வளைவு நெளிவுகளிலும் சுற்றிக்கொண்டிருக்கும், கைக்கு அடங்கும். 15 மில்லிமீட்டர் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும். 21 மில்லிமீட்டர் பானெட், கூரை போன்ற அகலமான பரப்புகளை விரைவாக முடிக்கும். வளைவான கதவிலும் பம்பரிலும் தடுமாறும். ஒன்றே ஒன்று வாங்குபவர் 15 மில்லிமீட்டர் மெஷினையும் 125 மில்லிமீட்டர் அடித்தட்டையும் (பேடு ஒட்டிக்கொள்ளும் தட்டு) எடுத்தால் எல்லா இடத்தையும் சமாளிக்கலாம். டிரில் மெஷினில் பேடு மாட்டிச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம்; அதுவும் ஒற்றை அச்சில்தான் சுற்றுகிறது, வேகத்தையும் கோணத்தையும் சீராக வைத்திருக்க அதில் வசதியில்லை.

புட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து பாலிஷைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் மட்டும். நிறுவனங்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. மென்செர்னாவில் 400 என்பது கரடான காம்பவுண்டு, 3500 என்பது மிக நுண்ணிய பாலிஷ். மெகுயர்ஸில் எம்105 கரடு, எம்205 நுண்மை. இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயனில்லை. பேடுகளின் நிறமும் அப்படித்தான். ஒருவரின் மஞ்சள் பேடு மற்றொருவரின் வெள்ளையை விட மென்மையாக இருக்கலாம். நிறத்தை நம்பாமல் அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய மற்றொரு வேறுபாடு, துகளின் குணம். சில பாலிஷ்களில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும். அவற்றைப் போதுமான நேரம் ஓட்ட வேண்டும்; பாதியில் நிறுத்தினால் உடையாத துகளின் கோடுகள் அப்படியே நிற்கும். மற்ற வகையில் துகளின் அளவு முதலிலிருந்து கடைசி வரை மாறாது. எத்தனை முறை ஓட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எது எந்த வகை என்பதைத் தயாரிப்பாளரின் செய்முறைக் குறிப்பிலிருந்து ஊகிக்கலாம்.

அப்படியானால் என் காருக்கு எது சரி என்று யார் சொல்வது?

உங்கள் கார்தான் சொல்லும். கிளியர் கோட்டின் கடினம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இடையில் ஒரு கதவுக்கு மட்டும் மறுபடி பெயின்ட் அடித்திருந்தால், அந்தக் கதவு மற்றவற்றைப் போல நடந்துகொள்ளாது. எனவே சோதனைக் கட்டம் போடாமல் காரைத் தொடாதீர்கள். அடுத்தவர் அனுபவத்தைக் கேட்டு வாங்கிய புட்டியை நேரே பானெட்டில் கொட்டுபவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

செய்முறை எளிது. பானெட்டில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் கட்டம் ஒன்றை டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். மென்மையான ஃபோம் பேடு, நுண்ணிய பாலிஷ்: இங்கிருந்து ஆரம்பியுங்கள். கட்டத்தை ஒருமுறை முழுதாக முடித்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல்கள் போய்விட்டனவா? அப்படியானால் உங்கள் பாலிஷ் கிடைத்துவிட்டது. காம்பவுண்டு புட்டியைத் திறக்கவே வேண்டாம். பாதி போயிருக்கிறதா? அதே பாலிஷோடு சற்று கடினமான பேடு. இன்னும் போதவில்லையென்றால் நடுத்தர பாலிஷ். அதற்கும் மசியாவிட்டால்தான் காம்பவுண்டு. முதலில் பேடை மாற்றுவது, பிறகு பாலிஷை மாற்றுவது என்பது என் வழக்கம். பேடு மாறினாலே வெட்டும் திறன் வியப்பூட்டும் அளவுக்கு மாறிவிடும்.

மைக்ரோஃபைபர் பேடும் கம்பளிப் பேடும் ஃபோமை விட வேகமாக வெட்டும். மென்மையான பெயின்ட்டில் அவை மங்கலைத் தரும். பின்னால் ஃபோம் பேடால் ஒரு சுற்று போட வேண்டியிருக்கும்.

பாலிஷுக்கு முன் காரை எப்படித் தயார் செய்வது?

கழுவினால் மட்டும் போதாது. கழுவிய பானெட்டின் மீது மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு மெதுவாக வருடுங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பைக்குள்ளிருந்து தொடும்போது மணல்தாள் போலச் சொரசொரக்கும். பிரேக்கிலிருந்தும் சாலையிலிருந்தும் பறந்து வந்து பதிந்த இரும்புத் துகள்கள், தார்ப் புள்ளிகள், மரப்பிசின் எல்லாம் அதில் இருக்கும். இரும்பைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் ஒவ்வொரு துகளும் ஊதா நிறமாகக் கசிந்து வழியும். தூய்மையான வெள்ளை கார் என்று நினைத்தவர்கள் அந்தக் காட்சியில் அதிர்ந்துபோவார்கள். மிஞ்சியதை கிளே கட்டியால் (பதிந்த அழுக்கைப் பற்றி எடுக்கும், களிமண் போன்ற பொருள்), வழுக்கும் திரவம் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் எடுக்க வேண்டும். கிளே தரையில் விழுந்துவிட்டால் எறிந்துவிடுங்கள். கழுவி எடுத்தாலும் மண் உள்ளே நிற்கும்.

இதைச் செய்யாமல் மெஷினை வைத்தால் அந்தத் துகள்களெல்லாம் பேடில் ஏறி, சுற்றும் ஒவ்வொரு முறையும் கோடு கிழிக்கும்.

பிறகு கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பட்டை, சின்னங்கள், விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளைக் கறையாக நிற்கும், பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்தாலும் எளிதில் போகாது. வேலை நிழலில் நடக்க வேண்டும். கையை வைத்தால் தகடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

மெஷினை எப்படி ஓட்டுவது? என்ன வேகம், எவ்வளவு அழுத்தம்?

புதிய பேடு என்றால் அதன் முகம் முழுவதும் பாலிஷை விரலால் மெல்லியதாகத் தடவிவிடுங்கள். அதற்கு மேல் பட்டாணி அளவில் நான்கு சொட்டுகள். அடுத்தடுத்த கட்டங்களுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். மெஷினை இயக்காமல் பேடைப் பெயின்ட்டில் ஒற்றி ஒற்றி வையுங்கள். பிறகு குறைந்த வேகத்தில் கட்டம் முழுவதும் பரப்புங்கள். காற்றில் சுற்றவிட்டால் சுவர் வரைக்கும் தெறிக்கும்.

பரப்பியபின் மெஷினின் வேக எண்ணை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். முதலில் இடவலமாக, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூடும்படி. பிறகு மேலும் கீழுமாக. இரண்டும் சேர்ந்தால் ஒரு சுற்று. நான்கிலிருந்து ஆறு சுற்று ஓட்டலாம். கை நகரும் வேகம்தான் எல்லோரும் தவறும் இடம். விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர், அவ்வளவுதான். அரை மீட்டரைக் கடக்கக் கால் நிமிடத்துக்கு மேல் ஆகவேண்டும். வீடு பெருக்குவது போல வீசி வீசி ஓட்டினால் பாலிஷ் காயும், கீறல் போகாது.

அழுத்தத்தைச் சொல்லால் விளக்குவது கடினம். எடை பார்க்கும் மெஷின் மேல் துணி விரித்து, நிறுத்திய பாலிஷரின் பேடை வைத்து, 5 முதல் 7 கிலோ காட்டும்வரை அழுத்திப் பாருங்கள். கீறல் போக்கும் சுற்றுகளுக்கு அந்த அழுத்தம் உச்சவரம்பு. கடைசிச் சுற்றுக்கு மெஷினின் சொந்த எடையே போதும். அடித்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுவையுங்கள். பேடு சுற்றும்போது அந்தக் கோடு சுழல்வது கண்ணில் படும். கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் பேடு சுற்றவில்லை: அழுத்தம் கூடியிருக்கிறது, அல்லது பேடு சாய்ந்திருக்கிறது.

பாலிஷ் படலம் வெண்மை மாறி, எண்ணெய் தடவியது போலத் தெளிந்து வரும்போது வேகத்தைக் குறைத்து, பேடு பெயின்ட்டில் இருக்கும்போதே மெஷினை நிறுத்துங்கள். வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் கொக்கி மூன்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்.

விளிம்புகளைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

ஈரமான பெயின்ட் விளிம்பிலிருந்தும் கூரான மடிப்பிலிருந்தும் விலகி ஓடும். காய்ந்தபின் அந்த இடங்களில் அடுக்கு மெல்லியதாகவே இருக்கும். பேடோ அங்கே தன் முழு அழுத்தத்தையும் ஒரு கோட்டின் மீது இறக்குகிறது. மெல்லிய இடத்தில் அதிக அழுத்தம்.

நான் பழகிய புதிதில் ஓர் அடர்நீலக் காரின் முன் சக்கர வளைவின் மேல் ஓடும் மடிப்பில் டேப் ஒட்டாமல் ரோட்டரியை ஓட்டினேன். மூன்றாவது முறை பேடு கடந்தபோது ஒரு சாம்பல் நிறக் கீற்று தெரிந்தது. தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. அரிசி அளவு நீளம்தான், ஆனால் அது பிரைமர். அந்தப் பகுதி முழுவதற்கும் மறுபடி பெயின்ட் அடிக்க நேர்ந்தது. கார் என் நண்பருடையது. அவரிடம் போய்ச் சொல்ல நேர்ந்த அந்த மாலையை இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எத்தனை அவசரமானாலும் எல்லா மடிப்புக்கும் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினை எடுக்கிறேன். கடைசியில் டேப்பை உரித்து, அந்த ஒரு விரல் அகலத்தைக் கையால் இரண்டு மூன்று முறை இழைத்தால் போதும்.

பிளாஸ்டிக் பம்பரிலும் இதே கவனம் வேண்டும். உலோகம் சூட்டைப் பரவவிடும். பிளாஸ்டிக்கில் சூடு அதே இடத்தில் தேங்கும்.

பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் அவசியமா?

பழைய கார் வாங்கியவருக்கு மிகவும் உதவும். எல்லாப் பகுதியிலும் 120 காட்டி, ஒரு கதவில் மட்டும் 250 காட்டினால் அங்கே மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 80 அளவில் காட்டினால் யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கலாம். நுண்ணிய பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வரம்புகள் உண்டு. மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட் தனியாக எவ்வளவு என்று சொல்லாது. சாதாரண மீட்டர் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக்கில் செய்யாது.

பேடில் காரின் நிறம் ஏறுகிறது. பயப்பட வேண்டுமா?

கிளியர் கோட் உள்ள கார் என்றால் உடனே நிறுத்துங்கள். நிறப்பூச்சு வரை போய்விட்டீர்கள். கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் என்றால் நிறம் ஏறுவது இயல்பு. பழைய கார்களிலும் சில வணிக வாகனங்களிலும் அந்த வகை உண்டு. ஆரம்பிக்கும் முன்பே, வெளியே தெரியாத ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுக் கையால் தேய்த்துப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

காம்பவுண்டு போட்டபின் கீறல் போனது, ஆனால் மங்கலாக இருக்கிறதே?

அது காம்பவுண்டின் துகள்களும் பேடும் விட்ட நுண்கோடுகள். மென்மையான பேடு, நுண்ணிய பாலிஷ், குறைந்த அழுத்தம், இரண்டு மூன்று சுற்று. கறுப்பு கார்களில் இந்த இரண்டாவது படியைத் தவிர்க்க முடியாது. வெள்ளையிலும் வெள்ளியிலும் பல நேரம் தேவைப்படாது.

பாலிஷ் போட்ட காரில் சில வாரங்களில் கீறல்கள் திரும்பி வந்துவிட்டன. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கீறல்கள் போகவே இல்லை. சில பொருள்களில் உள்ள எண்ணெயும் நிரப்பிகளும் பள்ளத்தை அடைத்து மறைக்கும். நான்கு முறை கழுவினால் கரைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கட்டத்தையும் முடித்தபின் நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்துத் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். அப்போது தெரிவதுதான் உண்மை நிலை. வேக்ஸோ செராமிக்கோ போடுவதற்கு முன்பும் இந்தத் துடைப்பு வேண்டும், எண்ணெய்ப் படலத்தின் மேல் அவை பிடிக்காது.

மற்றொன்று, கழுவும் விதம். காய்ந்த தூசியை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பதுதான் சுழல் கீறல்களின் பிறப்பிடம். மண் போக முதலில் தண்ணீர் அடித்து, சோப்புக்கு ஒரு வாளி, கையுறையை அலச ஒரு வாளி என்று வைத்துக் கழுவினால் பாலிஷ் பல ஆண்டு நிற்கும். வேக்ஸும் செராமிக்கும் இதற்கு மாற்றாகாது.

பறவை எச்சம், தண்ணீர்க் கறை?

மேலே படிந்த தாதுக் கறையை அமிலத்தன்மையுள்ள கறை நீக்கி கரைக்கும்; முதலில் அதைச் செய்யுங்கள். பெயின்ட்டையே அரித்துப் பள்ளமாக்கியிருந்தால் பாலிஷ் ஓரளவு குறைக்கும். ஆழமான எச்சத் தடம் முழுக்கப் போகாது.

மேட் பெயின்ட்டுக்கு?

கூடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும், அதைத் திருப்ப முடியாது.

எத்தனை பேடு வாங்க வேண்டும்? எப்படிக் கழுவுவது?

ஒரு பேடை வைத்து முழுக் காரையும் முடிக்க முயல்வது பெரும்பாலானோர் செய்யும் சிக்கனம். பேடு சூடாகும், நனைந்து போகும், தேய்த்தெடுத்த பெயின்ட்டால் அடைபடும். அப்புறம் அது வெட்டுவதில்லை, இழுக்கிறது. ஒரு படிக்கு நான்கு பேடு வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடின் முகத்தை மென்மையான பிரஷ் கொண்டு சுரண்டி, சுத்தமான துணியில் அழுத்திச் சுற்றவிடுங்கள். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில், சோப்பு விட்டு, பிழியாமல் அமுக்கி அலசி, நிழலில் காயவையுங்கள். காம்பவுண்டு தொட்ட பேடில் நுண்ணிய பாலிஷை எப்போதும் போடாதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும்.

எல்லாம் செய்தும் ஒரு கோடு மட்டும் நிற்கிறது. இன்னும் இரண்டு சுற்று ஓட்டலாமா?

நகம் இடறுகிறதா என்று மறுபடி பாருங்கள். இடறினால் நிறுத்திவிடுங்கள். அதன் கூரான ஓரங்கள் ஏற்கெனவே மழுங்கியிருக்கும், மூன்றடி தள்ளி நின்றால் பாதிப் பேருக்கு அது தெரியாது. நிறம் வரை ஆழமாகியிருந்தால் மெல்லிய தூரிகையால் டச் அப் பெயின்ட் வைத்து மூடலாம். என் காரின் ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, அப்படி ஒரு கோடு ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெரிகிறது. அந்தக் கதவில் மீட்டர் வைத்தால் 95 காட்டுகிறது. நான் அதைத் தொடுவதில்லை.